ரேடியம் முட்டை

செட்சுயோ அக்கா ஏணியில் நின்று, கடைப் பலகையில் இருந்த 'ரேடியம்' என்ற எழுத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். எதிரே பலகாரம் விற்கும் நான் ஏணியைப் பிடித்திருந்தேன்.

எங்கள் ஊர் வெந்நீர் ஊற்றில் ரேடியம் இருப்பதாக ஒரு காலத்தில் பெருமையாக எழுதிப்போட்டார்கள். அதில் அவிக்கும் முட்டைக்கும் அதே பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அவித்தாள். மூட்டுவலிக்காரர்கள் பை பையாக வாங்கிப் போனார்கள். எங்கள் ஃபுகுஷிமாக் கடற்கரையில் அணு உலை வெடித்ததும், கதிர்வீச்சுப் பயத்தில் விற்பனை நின்றது.

ஊற்றில் குளிக்க வந்த உள்ளூர்க்காரர் குமகாய் சத்தம் போட்டார்.

"அழிச்சா நம்ம தண்ணி விஷம்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?"

"விட்டுவச்சா நீங்க வாங்குவீங்களா அண்ணே?" என்றாள் அக்கா.

"எனக்குக் கொலஸ்ட்ரால்."

"அப்ப வாயை மூடிக்கிட்டுக் குளிக்கப் போங்க."

அப்போது வெளியூர்க்காரி ஒருத்தி பாதி அழிந்த பலகையைப் பார்த்தாள். "எதை மறைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

அக்கா பாதியிலேயே இறங்கிவிட்டாள்.

"டோக்கியோவுக்கு மக வீட்டுக்குப் போயிடேன்," என்றேன்.

"கூப்பிட்டா. ஆனா எங்க வண்டியில ஃபுகுஷிமா நம்பர் இருக்காம். அவ வாசல்ல நிறுத்தக் கூடாதாம்."

மறுநாள் மழை பெய்தது. அக்கா கூடையை ஊற்றில் இறக்கி முட்டை அவித்தாள். யாரும் வரவில்லை. சாயங்காலம் நாங்கள் இருவரும் உப்புத் தொட்டுத் தின்றோம். மீதியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.