நண்பர்கள் கட்டாயப்படுத்தியதால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் எம்.ஃபில். படித்தேன். முந்நூறு வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் எழுதிய பெண்கள்தான் என் ஆய்வு. அதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்காத ஆள் இல்லை. பொங்கலுக்குள் முடிக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பெண்களின் முன்னுரைகள் பலவும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கு எழுதத் தெரியாது, அச்சில் போடும் எண்ணமே இல்லை, நண்பர்கள் கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நானும் அதை அப்படியே நம்பி, பாவம், தன்னம்பிக்கை இல்லாதவர்கள் என்று நாற்பது பக்கம் எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கைடு மேடம் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அவங்க சொன்னா நீங்க நம்பிடுவீங்களா?" என்றார். வேறு விளக்கம் கிடையாது. அத்தியாயத்தையே மாற்றி எழுதச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நம்பாமல் படிப்பதென்றால் எதற்குப் படிக்க வேண்டும்? பஸ்ஸில் வழியெல்லாம் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் பேண்டேஜ் கம்பெனி. துணியை வெட்டிச் சுருட்டிக் காகிதத்தில் சுற்றும் வேலைக்குப் பத்துப் பெண்கள் வருவார்கள். சாயங்காலம் நானும் போய் அவர்களோடு உட்காருவது வழக்கம். அவர்களில் மூத்த அக்கா அன்று என்னைப் பார்த்து, "என்ன தாயி, மூஞ்சி உர்ருன்னு இருக்கு?" என்றார். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா சுருட்டும் கையை நிறுத்தாமலே சிரித்தார். "நானும் இங்க அப்படித்தான வந்தேன். ஆள் இல்லாம ஓனரம்மா கெஞ்சுதாக, ரெண்டு நாளைக்குப் போயிட்டு வாரேன்னு வீட்டுல சொன்னேன். எட்டு வருசம் ஆச்சு."

"அவங்க அம்புட்டுக் கெஞ்சினாங்களாக்கா?"

"அவிய எங்க கெஞ்சினாக? நான்தான் நாலு நாள் வாசல்ல நின்னு கெஞ்சினேன். எனக்கு ஆசையா இருக்குன்னு சொன்னா வீட்டுல விடுவாகளா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எம்.ஃபில். சேர்ந்தபோது, மேடம் விடாமல் வற்புறுத்துகிறார் என்றுதான் நானும் வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் அவர் வீட்டுக்கு மூன்று முறை அலைந்தவள் நான். என் வாயால் சொன்ன பொய்யையே இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்தபோது அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அசட்டுத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பத்தே நாளில் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். வழியை மறித்தவர்களுக்கு ஒரு சாக்குச் சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்த கெட்டிக்காரிகள் என்று எழுதினேன். மேடம் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் மனு அடிக்கும் டைப்பிஸ்டிடம் கொடுத்து, பொங்கலுக்கு முந்தின வாரமே முடித்துவிட்டேன். பிறகு எனக்குக் கிடைத்த கல்லூரி வேலை அந்தப் பட்டத்தால் வந்தது. அதற்கு மேடத்துக்கும் அக்காவுக்கும் எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அந்தப் பொங்கலுக்கு முன்பு, நன்றிப் பக்கம் மட்டும் டைப் அடிக்காமல் இருந்தபோது, முதல் பெயராக உங்கள் பெயரைத்தான் போடப்போகிறேன் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"எம் பேரப் போட்டுறாத தாயி. மவன் இங்கிலீஷ் படிக்கான். அவுக அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டிட்டான்னா, எதுக்கு உம் பேருன்னு கேட்டு, நான் வாசல்ல நின்ன கதையும் வெளிய வந்துரும்லா?"

அந்தப் பக்கத்தில் மேடம் பெயர் இருக்கிறது, கணவர் பெயர் இருக்கிறது, மாமனார் பெயர்கூட இருக்கிறது. எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் 'ஒரு பெண்' என்று மட்டும் இருக்கிறார்.