பொட்டு வைத்த பென்டிரைவ்

என் மேசை இழுப்பறையில் பேனா, சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு இவற்றோடு ஒரு பழைய பென்டிரைவும் கிடக்கிறது. கறுப்பு நிறம், கட்டைவிரல் நீளம். அதன் மூடியில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து, கீறல்களில் மட்டும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுத்தான் மூடுவேன். வகுப்பில் பிள்ளைகளின் தலையை எண்ணியே வேலைக்காலத்தை முடித்தவனுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்?

பென்டிரைவைக் கொண்டுவந்தவர் என் சம்பந்தியம்மாள், மருமகளைப் பெற்றவர். கயத்தாறில் தட்டச்சு வகுப்பு நடத்தி, காலம் மாறியதும் அதே அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கியவர். அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சுக் குறைவு. காரணம் கல்யாணப் பந்தி. மூன்றாம் பந்தியில் நாற்காலிகளுக்கு நாலு இலை குறைந்தது. எண்ணிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். என் எண்ணிக்கை இன்றைக்கும் சரிதான். ஆனால் பெண் வீட்டார் காதில் அது வேறு மாதிரி விழுந்துவிட்டது. “எல்லா ஊர்லயும் சம்பந்தக்காரவிய வந்த ஆளை எண்ணுவாவ. இவிய இலையை எண்ணுதாவ” என்று சம்பந்தியம்மாள் சமையல்காரரிடம் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். அதன் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

வெளிநாட்டில் இருந்த மகனுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அப்பாவைப் பெற்ற தாத்தா குழந்தையின் காதில் மூன்று முறை பேரைச் சொல்ல வேண்டும், அதுவரை அந்தப் பேரை யாரிடமும் வாய்விடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். விஜயதசமி அன்று மாலை, கம்ப்யூட்டர் வழியாக நான் சொல்வதென்றும், ஒலிபெருக்கியை மகன் குழந்தையின் காதருகே பிடிப்பதென்றும் ஏற்பாடு. பேரை மனத்துக்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன்.

விஜயதசமி காலையில் கம்ப்யூட்டர் நீலத்திரையோடு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றுவதற்கென்று கடைக்காரர் ஒரு சீடி கொடுத்திருந்தார். அதைப் போட்டேன். அம்மியில் அரைப்பதுபோல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். வெளியே எடுத்துப் பார்த்தால் மினுங்கும் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. முந்தின நாள் ஆயுத பூஜை. அரிவாள்மனை, சைக்கிள், இஸ்திரிப்பெட்டி என்று வரிசையாகப் பொட்டு வைத்த என் மனைவி, சீடிக்கும் வைத்திருக்கிறாள். “மினுங்குத பக்கம்தான அதுக்கு மொகம்? பெறத்தாலயா பொட்டு வைப்பாவ?” என்று என்னையே கேட்டாள். துடைத்துப் போட்டும் பயனில்லை. குங்குமம் உள்ளே போய் வேலையைக் காட்டிவிட்டது. கடைக்காரர் பூஜை விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருந்தார்.

வேறு வழியில்லாமல் கயத்தாறுக்குப் போன் செய்தேன். சம்பந்தியம்மாள் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை.

“சீடி போனாப் போகுது அண்ணாச்சி. பென்டிரைவை பூட் ஆகுத மாதிரி பண்ணிக் கொண்டாரேன்.”

“பூட்டிக் கொண்டாந்தா இங்கன எப்படித் திறக்க?”

“அந்தப் பூட்டு இல்ல. ஏர் பூட்டுதோம்லா, அப்படி வச்சுக்கிடுங்க. மெசினு கண்ணு முழிச்சதும் முதல்ல எந்த மாட்டைப் பூட்டன்னு தேடும். பழைய மாடு படுத்துக்கிட்டு. நான் புது மாட்டோட வாரேன்.”

பகல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தூறலில் நடந்து வந்ததால் செருப்பில் கரிசல் மண் அடை அடையாக ஒட்டியிருந்தது. பைக்குள் ஒரு எவர்சில்வர் சம்படம், அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய பென்டிரைவ். தன் வகுப்புக் கம்ப்யூட்டரில் அதை முழுதாக அழித்து, ஏற்ற வேண்டியதையெல்லாம் அதில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதைச் சொருகினார். கம்ப்யூட்டர் விழிக்கும் கணத்தில் ஒரு விசையை டொக்கு டொக்கென்று தட்டினார். எதை முதலில் தேடுவது என்ற வரிசை திரையில் வந்தது. பென்டிரைவை மேலே ஏற்றினார். திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

அந்த வருஷம் தினமும் மின்வெட்டு. பாதியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. நான் கடிகாரத்தையும் திரையில் ஏறும் சதவீதத்தையும் மாறி மாறிப் பார்த்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

“அண்ணாச்சி, நீங்க எண்ணுததுனால அது வெரசா ஓடாது. செத்த உக்காருங்க. பேரு கேட்டா மட்டும் அடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த மோரைக் குடிக்க அடுக்களைக்குப் போனார்.

திரை பேர் கேட்டது. கம்ப்யூட்டருக்கு வைக்கும் பேர். அன்று என் தலைக்குள் இருந்தது ஒரே ஒரு பேர்தான். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடித்தேன்: வடிவு. என் தாயாரின் பேர். அடித்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. அழிக்கும் விசையைத் தேடுவதற்குள் சம்பந்தியம்மாள் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

படித்தார். என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் ‘இலை’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தார்.

“பொட்டிக்கு இந்தப் பேரு போதும்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அடுக்களையிலிருந்து வந்த என் மனைவிக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று கடைசிவரை தெரியவில்லை.

எல்லாம் ஏறி முடிந்த பிறகே கரண்ட் போனது. மாலையில் அது திரும்பியதும் கம்ப்யூட்டர் சமர்த்தாக விழித்துக்கொண்டது. திரையில் குழந்தையின் முகம் வந்தது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். “என்ன பேரோ, அண்ணாச்சி வாயைத் திறக்க மாட்டேங்காவளே!” என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டவர் சம்பந்தியம்மாள்தான். நான் மூன்று முறை சொன்னேன். குழந்தை கொட்டாவி விட்டது. “நல்ல பேரு. இப்பத்தான் கேக்கேன்” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

புறப்படும்போது பென்டிரைவின் மூடியில் தன் கையாலேயே ஒரு சந்தனப் பொட்டு வைத்து மேசையில் வைத்தார். “இனிமே பொட்டு வைக்கணும்னா மூடியில மட்டும் வைங்க மதினி.”

அந்தக் கம்ப்யூட்டர் போய்ப் பல காலம் ஆகிறது. விடுமுறைக்கு வந்திருக்கும் வடிவு இன்று காலை என் இழுப்பறையைக் குடைந்து பென்டிரைவை எடுத்தாள். அவள் மடிக்கணினியில் அதைச் சொருகத் துளையே இல்லை. “உள்ள என்ன தாத்தா இருக்கு?” என்றாள். கயத்தாறு ஆச்சியிடம் கேள் என்றேன். உடனே கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டாள். நரைத்த தலையோடு சம்பந்தியம்மாள் திரையில் வந்தார். பேத்தி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்து, “நாளைக்குப் பூசைக்கு வாரேன். இலை எண்ணியாச்சா அண்ணாச்சி?” என்றார்.

எண்ணியாச்சு. நாலு இலை கூடவே வாங்கி வைத்திருக்கிறேன். பென்டிரைவையும் நாளைக்குப் பூசையில் வைப்போம். பொட்டு மூடியில் மட்டும்.