வலது வளைவில் ஒரு ‘டப்’

இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடைச் சேசிஸ் மேல் வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற நீள இரும்பு அது. அதற்குள் பிளேடு போகவே கூடாது. எதிலும் முட்டாமல் போனது.

ஏற்காட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். கிளட்ச் எரிந்து பார்த்திருக்கிறேன், பிரேக் இல்லாமல் வந்து நின்ற லாரியைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்ததைப் போல ஒரு நாளும் பார்த்ததில்லை. புதிதாக ஸ்பேனர் பிடிக்கிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரிதான்.

1. மூட்டை ஏற்றினால் சத்தமில்லை

வண்டி மாரமங்கலம் வெள்ளையனுடையது. பழைய பிக்கப். அவனே ஓனர், அவனே டிரைவர். கொண்டுவந்து விட்டபோது காப்பிப் பழம் பறிக்கும் சீசன் தொடங்கியிருந்தது.

“ஏனுங்கண்ணா, டப்பு டப்புனு ஒரு சத்தம் வருதுங்க. சோளப்பொரி வெடிக்கற மாதிரி.”

“எப்ப வருது?”

“வளைவுலதானுங்க. அதும் சோத்துக்கைப் பக்கம் ஒடிச்சா மட்டும். பீச்சாங்கைப் பக்கம் ஒடிச்சா கம்முனு இருக்குது.”

“என்ன லோடு ஏத்தற?”

கொஞ்சம் முழித்தான். “காப்பி மூட்டைதானுங்க.”

பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் ஷேக்கிள் புஷ் தேய்ந்திருந்தது, மாற்றினேன். யூ போல்ட்டை டைட் செய்தேன். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருந்த கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வைத்தேன். எட்டு மூட்டை மண்ணை நடுவில் அடுக்கி நாகலூர் வரை ஓட்டிவிட்டு வந்தேன். ஒரு சத்தம் இல்லை.

“டூல் பாக்ஸ் ஆடியிருக்கும். துணி சுத்தி வையப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டு டீ குடித்தேன்.

2. லோடு என்றால் ஆள்

நான்காம் நாள் காலை வெள்ளையன் ஒர்க்ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தான். வெளியே வந்தேன். பின்னால் இருபது பெண்கள், எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போகிறவர்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

“அன்னைக்குச் சொல்லலீங்க. இதுதானுங்க லோடு” என்றான்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதும் தெரியும். அதனால் மலையில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ‘ஆள்’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். லோடு என்போம். மெக்கானிக்கிடமும் அதே பேச்சுதான். நானும் ஒருநாளும் தோண்டிக் கேட்டதில்லை.

மூட்டை வைத்த இடத்தில் கிடக்கும். ஆள் அப்படியா? வலது வளைவில் இருபது பேரும் சேர்ந்து இடது பக்கம் சாய்வார்கள். இந்தச் சாதாரண விஷயம் எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

நானும் டூல் பையோடு பின்னால் ஏறிக்கொண்டேன். முதல் வலது வளைவிலேயே ‘டப்’ என்றது. காதைத் தீட்டிக்கொண்டு இங்கே குனிந்தேன், அங்கே குனிந்தேன். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இடது பக்கம், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், மூலையில் நின்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பொன்னி, வெள்ளையனின் மனைவி.

“காதுல தேடாதீங்கண்ணா. அது கால்ல வருது.”

“கால்லயா?”

“எல்லாருக்கும் இதுல ஒரு எடம் இருக்குதுங்க. எனக்கு இந்த மூலை. தீவாளியிலிருந்து என்ற உள்ளங்கால்ல யாரோ அடியில இருந்து சுத்தியில தட்டற மாதிரி இருக்குது. இவருகிட்டச் சொன்னேன். வண்டியப் பத்தி உனக்கென்ன தெரியும்னாரு.”

ஷூவைக் கழற்றிவிட்டு அவள் இடத்தில் நின்றேன். அடுத்த வலது வளைவு வந்தது. உள்ளங்காலில் ஓர் அடி விழுந்தது. எலும்பு வரை ஏறியது. “நிறுத்துப்பா!” என்று கத்தியே விட்டேன்.

3. மூன்று அடுக்கு

சமமான இடம் பார்த்து ஓரம் கட்டச் சொன்னேன். எல்லோரையும் இறக்கினேன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டார்ச்சும் வயர் பிரஷுமாக அடியில் போனேன்.

சேசிஸ் கன்னங்கரேலென்று பளபளத்தது. என் கைவேலைதான். ஆயுத பூஜைக்கு முன்னால் வாடிக்கை வண்டிகளுக்கெல்லாம் அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுப்பது என் வழக்கம். மேலே சந்தனம், குங்குமம், மாலை, கீழே கறுப்பு. கூட்டம் அதிகமாக இருக்கும். சேற்றைத் தட்டிவிட்டு அப்படியே அடித்துக்கொண்டு போவோம். பூஜையன்று வண்டி புதுசு போல நிற்கும். ஓனருக்கும் சந்தோஷம், எனக்கும் பெருமை.

பொன்னி நின்ற மூலைக்கு நேர் கீழே, பட்டையின் முன் பிராக்கெட் பக்கத்தில் சுரண்டினேன். ஒரு அடுக்குக் கறுப்பு வந்தது. அதன் அடியில் துரு. துருவுக்கு அடியில் இன்னோர் அடுக்குக் கறுப்பு. மறுபடியும் துரு, மறுபடியும் கறுப்பு. மூன்று ஆயுத பூஜை. மூன்று முறையும் நான்தான் பிரஷ் பிடித்திருக்கிறேன். அதற்கும் அடியில் ரிவெட் ஓட்டையிலிருந்து கிளம்பிய விரிசல் ஓடியது.

அப்போதுதான் பையிலிருந்து பிளேடை எடுத்துச் செருகினேன். கீழ்ப்பக்கம் முழுதாக அறுந்திருந்தது. பக்கவாட்டிலும் மேல்நோக்கி ஏறியிருந்தது. மிச்சம் இருந்தது இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரல் இரும்பில் இருபது பெண்கள் தினமும் பள்ளத்தாக்கு ஓரமாகப் போய் வந்திருக்கிறார்கள். ஷேக்கிள் புஷ் மாற்றியபோது என் ஸ்பேனர் அதற்கு நான்கடி தள்ளித்தான் இருந்தது. வெளியே வரவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அப்படியே படுத்துக் கிடந்தேன்.

வெள்ளையன் குனிந்து கேட்டான். “என்னங்கண்ணா, வெல்டிங் போட்டா ஆயிரும்ங்களா? சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்ங்க. வண்டி நின்னா இவங்களுக்குப் பறிப்பு போயிருமுங்க.”

வெளியே வந்து, உடைந்தாலும் வண்டி சரியாதபடி பாடிக்கு அடியில் ஜாக்கி முட்டுக்கொடுத்து, விரிசல் அசைய மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டேன். “தள்ளி நின்னு குனிஞ்சு அந்த எடத்தையே பாரு” என்று டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பொன்னியின் மூலையில் ஏறி நின்றேன். இரண்டு ஆட்டு ஆட்டினேன். ‘டப்’. விரிசல் வாயைத் திறந்து மூடியதை அவன் பார்த்தான்.

டார்ச்சை அணைக்கக்கூட இல்லை. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“வெள்ளையா, இத மூடி வெச்சது நாந்தான். மூணு வருசமா நாந்தான் பெயின்ட் அடிச்சேன்” என்றேன்.

திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பொன்னியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“ஊட்டுல ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்கண்ணா” என்றான்.

பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கு நடந்தார்கள். பொன்னியும் அவர்களோடு போனாள். வெல்டிங் போட நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிக்கப்பை வேறொரு வண்டியில் ஏற்றிச் சேலம் கொண்டுபோய், சேசிஸின் இடது ரெயிலையே வெட்டி மாற்றினோம். அது வரும்வரை அவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பி நடந்துதான் பறிப்புக்குப் போனார்கள்.

4. இப்போது

நான் கற்றது இரண்டு. சத்தம் என்று வண்டி வந்தால் ஓட்டுகிறவனை மட்டும் கேட்காதீர்கள். பின்னால் நிற்கிறவர்களையும் கேளுங்கள். லோடு என்றால் என்ன லோடு என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டாவது, பார்க்காத இடத்தில் பெயின்ட் அடிக்காதீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எந்த வண்டிக்கும் அடியில் கறுப்பு அடிக்கவில்லை. தண்ணீர் அடித்துக் கழுவி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பினேன். வாடிக்கை ஓனர்கள் முகம் சுளித்தார்கள். “பூஜைக்குக் கூட இப்பிடி அழுக்கா நிக்குதே” என்று இரண்டு பேர் வேறு ஒர்க்ஷாப்புக்கே போய்விட்டார்கள்.

பூஜை முடிந்த மறுநாள் காலை வெள்ளையன் வண்டியை எடுக்க வந்தான். அந்தப் பக்கத்துக்கு இன்னும் பஸ் விடவில்லை. அவன் இன்னும் ஆள்தான் ஏற்றுகிறான். கூட வந்த பொன்னி ரோட்டில் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, இந்த வருசம் கறுப்பு அடிக்கலீங்களா?”

“இல்லம்மிணி. இனிமேலு அடிக்கறதில்ல.”

அவள் தலையாட்டினாள். முன்னால் சீட் காலியாகத்தான் இருந்தது. பின்னால் ஏறித் தன் மூலைக்குப் போனாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலைத் தகரத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, “போலாமுங்க” என்றாள்.