செத்தவை போக மிஞ்சியவை

தானியக் கிடங்கில் அவரை மாத்திரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூட்டை அடுக்கின் அடியில் விஷ மாத்திரைகளை வைத்து, மேலே காற்றுப் புகாத தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களை மணல் பைகளால் அழுத்துவது அவர் வேலை. மாத்திரை காற்றின் ஈரம் பட்டு வாயுவாகும், வண்டுகள் சாகும். இவர் கைராசிக்குப் பிழைத்தவரே கிடையாது என்று சுமை தூக்குகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம் பாயை விலக்கியபோது, செத்த வண்டுகளின் மேலேயே உயிருள்ள வண்டுகள் ஊர்ந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது சாவகாசமாக விரலிடுக்கில் நுழைந்தது.

சோதனைக்கு வந்த பூச்சியியல் துறை அம்மாளிடம், வண்டுகள் விஷத்துக்குப் பழகிவிட்டனவா என்று கேட்டார். எந்த வண்டும் பழகுவதில்லை என்றார் அந்த அம்மாள். ஏதோ ஒன்றிரண்டு பிறக்கும்போதே தாங்கும் உடம்போடு பிறக்கின்றன. ஓட்டைப் பாயில் வாயு கசிந்து குறைந்ததால், மற்றவை செத்தாலும் இவை தப்பின, முட்டையிட்டன.

"தாங்காததையெல்லாம் ஒவ்வொரு தடவையும் நாமளே கழிச்சு விட்டுட்டோம். இப்ப இருக்கிறதெல்லாம் தாங்கினதுக்குப் பிறந்ததுங்க."

லாரி காத்திருக்கிறதே என்று, மூடி வைக்க வேண்டிய கெடு முடியுமுன் எத்தனையோ முறை பாயை உருவியவர் அவர்தான்.

புதுப் பாய் வர நாளாகும், அதுவரை இரட்டிப்பு மாத்திரை வையுங்கள் என்றார் மேலாளர். தலையாட்டி வந்தவர் நேரே பின்சுவரைப் போய்ப் பார்த்தார். கிடங்கின் பின்சுவரை ஒட்டிய வீட்டில்தான் அவர் மகள் கைக்குழந்தையோடு இருந்தாள். மருமகன் கிடங்குக் காவலாளி. வண்டைக் கொல்லும் வாயு மனிதரையும் கொல்லும். சுவரில் கூரையோரம் ஒரு விரிசல். அதற்கு நேர் கீழேதான் தொட்டில்.

அன்று மதியமே மகளையும் பேரனையும் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பினார். மாமாவுக்கு வயசாகிவிட்டது, வண்டைப் பார்த்தே நடுங்குகிறார் என்று சிரித்த மருமகனையும் கையோடு வெளியேற்றினார். பிறகு பாயின் ஓட்டைகளை ஒட்டி, விரிசலைப் பூசி, மாத்திரை வைத்தார். மறுநாள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வாயு அளக்கும் கருவியை அந்த வீட்டுக்குள் நீட்டினார். முள் அசைந்தது. பூச்சு காய்ந்து வெடித்திருந்தது. காலித் தொட்டிலை விரிசலுக்கு அடியிலிருந்து இழுத்து நகர்த்தினார்.

கெடு முடிந்து பாயை விலக்கினார்கள். எங்கும் செத்த வண்டுகள். மேலாளர் முகம் மலர்ந்தது. மாத்திரைக்காரர் குனிந்து ஒவ்வொரு மூட்டையின் தையலாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி வரிசையில் ஒரு தையலுக்குள்ளிருந்து ஒரு வண்டு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"இவ்வளவுதானே? அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூட்டி வெச்சிடலாம்" என்றார் மேலாளர்.

மாத்திரைக்காரர் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். மகள் துணிகளை மூட்டை கட்டித் தயாராக இருந்தாள்.

"போகலாமாப்பா? பூச்சியெல்லாம் செத்துப்போச்சா?"

"சாகாதது இருக்கும்மா. அந்த வீட்டுக்கு இனிமே போக வேண்டாம். வேற வீடு பாக்கலாம்."