கூப்பிட்டால் திரும்பாத என் மகள்

இதைச் சபையார் முன்னால் சொல்ல எனக்கு ஐந்து வருடம் ஆனது. வெட்கம்தான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி வந்தது. என் கணவருக்கு மில்லில் வேலை. நான் வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுப்பேன். மகள் எஸ்தருக்கு மூன்று வயது. தையல் மிஷினில் கை வைத்துவிடுவாளே என்று காலையிலேயே டிவியைப் போட்டு முன்னால் உட்கார வைத்துவிடுவேன். சோறு ஊட்டுவதும் அங்கேதான். தொந்தரவில்லாத பிள்ளை என்று தேவனுக்கு நன்றிகூடச் சொன்னேன்.

ஆறேழு மாதத்தில் அவள் பேச்சு குறைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். விளம்பரத்தில் வருவதை மட்டும் முணுமுணுப்பாள். கரண்ட் போனால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அலறுவாள். பட்டப்பகலில் மூலையைக் காட்டி, "வருது, வருது" என்று நடுங்குவாள். எது வருகிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. காத்துக்கருப்பு அண்டியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. புத்தி பேதலித்துவிட்டதோ என்று என் கணவர் பயந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாசமிருந்து முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எம்பிள்ளைய என்ன பிடிச்சிருக்குன்னு காட்டும்."

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் போனோம். காது, கண் எல்லாம் சோதித்தார். பிறகு வீட்டில் டிவி எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டார். எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்றேன். டிவியில் பார்த்ததுதான் பிள்ளைக்கு மூலையிலும் வருவதுபோல் தெரிகிறது, அதை நிறுத்த வேண்டும் என்றார்.

"நீ பிள்ளைட்ட எம்புட்டு நேரம்மா பேசுவ?"

கர்த்தர் பிசாசைக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைக் காட்டினார்.

அன்றே என் கணவர் கேபிள் வயரைக் கழற்றினார். முதல் வாரம் நரகம். எஸ்தர் சாப்பிடவில்லை. என் கையைக் கடித்தாள். பிள்ளையை இழந்துவிடுவோமோ என்று பயந்து நானே வயரைத் தேடிப் போனேன். "வேண்டாம்ட்டி. இன்னும் ஒரு நாள் பாப்பம்" என்றார் கணவர். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அவளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு தைத்தேன். துணித்துண்டுகளைக் காட்டி நிறம் சொன்னேன். ஓயாமல் பேசினேன், உள்ளுக்குள் ஜெபித்தபடியே. வேலை பாதிதான் நடந்தது.

மூன்றாவது வாரம், மிஷினிலிருந்து தலை நிமிராமல் "எஸ்தரு" என்றேன்.

"என்னம்மா?"

திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். மிஷின் மேலேயே தலை வைத்து அழுதேன்.

பயம் ஒரே நாளில் போகவில்லை. ஒரு வருடம்போல அந்த மூலையைத் தனியாகக் கடக்க மாட்டாள். இப்போது மூன்றாம் வகுப்பு. ஞாயிறு பள்ளியில் பயமில்லாமல் வசனம் சொல்கிறாள்.

பெற்றோரே, பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பயமாயிருந்தால் பயத்தோடேயே ஆண்டவரிடம் போங்கள். நான் அப்படித்தான் போனேன். பதில் தந்தார், அதைத் தாங்கும் பலத்தையும் தந்தார். அவருக்கே ஸ்தோத்திரம்.