முத்தரசின் இடது குதிகால்

கண்டரமாணிக்கம் முத்தரசுக்கு விவசாயம்தான் தொழில். வயலில் வேலை இல்லாத கோடையில் பழைய வீடுகளுக்கு ஓடு மாற்றப் போவார். ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த ஒரு செட்டியார் வீட்டில் கூரைச் சட்டம் முறிந்து, கல் பாவிய முற்றத்தில் விழுந்தார். முதுகெலும்பு உடைந்து உள்ளே தண்டுவடம் நசுங்கியது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

அவர் எனக்குப் பழக்கமானது காரைக்குடியில் ஒரு மறுவாழ்வு மையத்தில். பக்கவாதத்துக்காக என் மனைவி பயிற்சி எடுத்த அதே அறையில்தான் அவருக்கும் பயிற்சி. நான் பார்த்ததையும், அவரும் அவர் மனைவி சந்திரலேகாவும் சொன்னதையும் மட்டும் எழுதுகிறேன்.

ரோபோ நடை இயந்திரம் ஒன்றை அங்கே சோதனைக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். ஆடி முடிந்ததும் அது வேறு ஊருக்குப் போய்விடும். இடுப்பிலிருந்து பாதம்வரை வெளியே மாட்டும் சட்டம். இடுப்பிலும் முழங்காலிலும் மோட்டார். ஊன்றுகோலைப் பிடித்து உடலை முன்னே சாய்த்தால் அது காலை எடுத்து வைக்கும். உடம்பில் புண் இல்லாதவர்களை மட்டுமே சேர்த்தார்கள். முத்தரசுக்கு இடம் கிடைத்தது.

முதல் நாள் எழுந்து நின்றதும் மனைவியைப் பார்த்து, "நீ இவ்வளவு குள்ளமாவா இருந்த?" என்றார். சந்திரலேகா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பயிற்சி கொடுத்த சத்தியப்பிரியா எச்சரித்தார். "அண்ணே, நடக்குறது மிசினு. நரம்பு திரும்பிருச்சுன்னு நெனச்சுராதீக."

தலையாட்டினார், மனம் கேட்கவில்லை. ஆனி மாதத்தில் ஒரு நாள் பயிற்சி முடிந்தபோது இடது பாதத்தில் விறுவிறுவென்று ஏதோ ஓடியதாக அவருக்குத் தோன்றியது. அதை மனைவியிடம் மட்டும் சொன்னார். அவர்கள் வீட்டில் எந்தப் பிடிப்புக்கும் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது வழக்கம். அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டினார்கள்.

"சுடுதா?"

"லேசாத் தெரியுற மாதிரி இருக்கு. இன்னுங் கொஞ்சம் வையி."

"என் கையே தாங்கல."

"உன் கை தாங்காது. என் காலு கேக்குது, வையி."

மறுநாள் பயிற்சிக்குக் காலுறையோடு வந்தார். இயந்திரத்தின் பட்டையை மாட்டுமுன் தினமும் சத்தியப்பிரியா தோலைப் பார்ப்பார். "பொண்ணு பார்க்க வந்தாப்புல பார்க்குறீக" என்று முத்தரசு கேலி செய்வது வழக்கம். அன்று செய்யவில்லை.

"சாக்ஸ் இருக்கட்டும், குளுருது."

"ஆனியில குளுருதாண்ணே?" என்று சத்தியப்பிரியா கழற்றினார். குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"செருப்பு கடிச்சிருக்கும்."

"நடக்காத காலைச் செருப்பு எப்படிண்ணே கடிக்கும்?"

"உப்பு ஒத்தடம் வச்சேன் தாயி" என்றாள் சந்திரலேகா.

சத்தியப்பிரியா பயிற்சியை நிறுத்தினார். அந்தப் புண்ணின் மேல் பாரம் இறங்கினால் எலும்புவரை போகும் என்றார்.

"எனக்குத்தான் வலிக்கலையே. மாட்டி விடுங்க."

"வலிக்காததுனாலதாண்ணே மாட்ட மாட்டேன்."

"எப்ப ஆறும்?"

"மாசக்கணக்காகும்ணே."

"ஆடிக்குள்ள?"

முத்தரசு இயந்திரத்தின் பட்டையைப் பிடித்தார், விடவில்லை. சத்தியப்பிரியா அவர் விரல்களை மெல்லப் பிரித்தெடுத்தார். அவருடைய பயிற்சி நேரத்தை, இடத்துக்காகக் காத்திருந்த காளையார்கோவில் உதயகுமாருக்குக் கொடுத்தார்கள். முத்தரசு சக்கர நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார். மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நாந்தான வைக்கச் சொன்னேன். நீ ஏன் அழுகுற?"

"நீங்க சொன்னதுக்காக வைக்கல" என்றாள் சந்திரலேகா. "கை பொசுங்கயிலேயே எடுத்திருப்பேன். சுடுதுன்னு கத்துவீகன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

ஆட்டோக்காரர் முத்தரசைத் தூக்கி உட்கார வைத்தார். சந்திரலேகா அவருடைய இரண்டு கால்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.