அதிர்வலைக்குப் பின்னால் ஒரு பாய்ச்சல்

ராயபுரத்து மாடி வீட்டில் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து ஐரீன் சூரியக் காற்றை ஆராய்ந்துகொண்டிருந்தாள். முனைவர் பட்டத்துக்கான வேலை. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் காற்று அது. சில சமயம் சூரியன் பெரும் மேகம் ஒன்றைக் கக்கும். அது முன்னால் போகும் காற்றை மோத, அதிர்வலை கிளம்பும். அலை கடந்த இடத்தில் காற்று சூடேறிக் கலங்கும். அலையோடு கூடவே போய்ப் பார்த்தால் காற்றின் வேகமும் தணிந்திருக்கும்.

ஆனால் ஒரு விண்கலம் அனுப்பிய பதிவில், அலைக்குப் பின்னால் காற்றின் ஒரு தாரை மட்டும் வேகம் தணியாமல் பாய்ந்திருந்தது. பூமிக்கு அருகே இப்படிப்பட்ட தாரைகளைப் பலர் கண்டிருக்கிறார்கள். கோள்களுக்கு இடையே உள்ள வெளியில் பயணம் செய்யும் அலைக்குப் பின்னால் காண்பது அரிது.

ஆய்வு வழிகாட்டி லுப்னாவுக்கு அதன் வரைபடத்தை அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“எனக்கும் கை பரபரங்குது, ஐரீன். ஆனா கருவிக் கோளாறா இருந்தா? இன்னொரு கருவியிலயும் தெரியுதா பாரு.”

அந்தக் கருவியின் பதிவு பாதி இறங்கும்போது கரன்ட் போனது. பேட்டரி செத்த லேப்டாப்பும் அணைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினாள். அங்கே அவள் அண்ணன் பிராங்கிளின் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் ஜெனரேட்டர் உண்டு.

“இன்னாமே, இப்டி வேர்த்துக் கீது?”

“ணா, மொதல்ல பிளக்கு குடு!”

போன் வழியாகப் பதிவு இறங்கத் தொடங்கியதும் அவள் கடலோரக் கற்களைக் காட்டினாள்.

“அலை கல்லுல அடிச்சு நொரையா நின்னுடுது. அந்தச் சந்துல மட்டும் தண்ணி நிக்காம உள்ள பூந்து வருதா? அந்தமாரி ஒண்ணு வானத்துல பாத்துக்கீறேன்.”

“கண்ணாலயா?”

“நம்பர்ல.”

வரைபடம் விரிந்தது. அதே இடத்தில், அதே பாய்ச்சல்.

“கீதுணா! கீது!”

அவள் கத்தியதில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. பிராங்கிளின் வாசலுக்கே போய், “எந்தங்கச்சி சூரியன் விட்ட காத்துல புச்சா ஒண்ணு புட்சிட்டா!” என்று கூவினான்.

ஐரீன் போன் போட்டுச் சொன்னதும் லுப்னா வாய்விட்டுச் சிரித்தார். “மத்த அலைங்களுக்குப் பின்னாடியும் தேடு. இது ஒண்ணோட நிக்காது.”

ஸ்பேனர்களை ஒதுக்கிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு மேசையிலேயே ஐரீன் அடுத்த பதிவைத் திறந்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டாவது தாரை அகப்பட்டது. அதை முதலில் பார்த்துக் கத்தியவன் பிராங்கிளின்.